ஏவும் மொழியும் ஏற்கும் கருவியும்



தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2019-ஆம் ஆண்டில் புதிதாக வெளிவந்தது. பைத்தான் மொழியில் எழுதிய ஒரு சிறு நிரலைக் கொண்டு, சி++ மொழியில் எழுதிய வேறொரு நிரலை மொழிபெயர்த்து இயக்குவது எப்படி என்று அதில் ஒரு பாடம் உண்டு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அப்பாடத்தைப் படித்துத் தேறியவர்கள் பலர் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். மதிப்பெண்ணுக்கு உரிய பாடம் என்று அதனைக் கடந்துவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். ஆனால் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் நாள்தோறும் நடைபெறும் ஒரு வேலையின் வித்து அந்தச் சில வரிகளுக்குள் அடங்கியிருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சி++ மொழியில் எழுதியதைக் கணினி அப்படியே ஏற்பதில்லை. நிரல்பெயர்ப்பி என்னும் கருவி அதனை இயங்கு கோப்பாக மாற்றித் தரவேண்டும். பைத்தானோ எழுதியதை எழுதியவாறே வரிவரியாக நிறைவேற்றும் இயல்புடையது. ஆதலின் தானே உழைப்பதைக் காட்டிலும், பிறரை ஏவி வேலை வாங்குவதற்கு அது மிகவும் ஏற்றது. இத்தகைய மொழிகளை ஸ்கிரிப்ட் மொழிகள் என்பர். பலவற்றை இணைக்கும் பசை போன்றவை என்றும் கூறுவர்.

அவ்வாறு ஏவும் நிரலை மிகச் சுருக்கமாக எழுதினால் இரண்டே ஆணைகள் போதும். முதலாவது, 'இந்த மூல நிரலை மொழிபெயர்' என்பது. இரண்டாவது, 'பிறந்த இயங்கு கோப்பை ஓட்டு' என்பது. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் இதில் ஒரு குறையும் தோன்றாது. மூல நிரலில் ஒரு பிழை நேர்ந்த நாளில் என்ன ஆகும்? மொழிபெயர்ப்பு நடுவில் நின்றுவிடும். புதிய இயங்கு கோப்பு பிறவாது. ஆனால் நேற்றுப் பிறந்த பழைய கோப்பு அதே பெயருடன் அங்கேயே இருக்கிறதன்றோ! இரண்டாவது ஆணை அதனை எடுத்து ஓட்டிவிடும். திரையில் பிழைச் செய்தி ஓடி மறைய, அதன் கீழே நேற்றைய விடை வந்து நிற்கும். மாணவரோ தாம் இப்போது எழுதியதன் விடை இது என்று எண்ணி, குற்றமில்லாத வரிகளில் குற்றம் தேடத் தொடங்குவார். செய்முறைத் தேர்வில் நேரம் கரைவது பெரும்பாலும் இப்படித்தான்.

இது மாணவர்க்கு மட்டும் நேர்வதன்று. 1976-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்னும் வல்லுநர் ஒருவர் ஒரு காலைப்பொழுது முழுவதையும் இவ்வாறே இழந்தார். பிழையை முன்னரே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பு மீண்டும் மொழிபெயர்க்கப்படவில்லை. அவர் இதனைத் தம் நண்பர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனிடம் சொல்லி நொந்துகொண்டார். அந்த நோவிலிருந்து பிறந்ததே ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' என்னும் கருவி. கட்டமைப்புக் கருவிகள் என்று இன்று நாம் சொல்லும் குடும்பத்திற்கு அதுவே மூத்த பிள்ளை.

அக்கருவியின் நுட்பத்தை அறியத் திண்டிவனத்து வயல்வெளிக்குப் போவோம். நிலக்கடலையை இப்பகுதியார் மல்லாட்டை என்பர். டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை வகைகள் இவ்வூரின் பெயரையே தாங்கி நாடெங்கும் போயின. இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் தந்தவை அவை. மல்லாட்டையை உடைத்தால் பருப்பு. பருப்பை ஆட்டினால் எண்ணெய். எண்ணெய்க்குப் பருப்பு வேண்டும், பருப்புக்கு மல்லாட்டை வேண்டும் என்னும் இந்தச் சார்பினை மேக் கருவிக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பிறகு 'எண்ணெய் வேண்டும்' என்று மட்டும் கேட்டால் போதும். மூட்டை வந்த நேரம் என்ன, பருப்பு உடைத்த நேரம் என்ன, எண்ணெய் எடுத்த நேரம் என்ன என்று அது பார்க்கும். புதிய மூட்டை வந்திராவிட்டால் செக்கைத் தொடவே தொடாது. புதிய மூட்டை வந்திருந்தால் உடைப்பதிலிருந்து தொடங்கும். உடைப்பதில் தடை நேர்ந்தால் அங்கேயே நின்றுவிடும். பழைய பருப்பை ஆட்டிப் புதிய எண்ணெய் என்று தராது.

இவ்வளவு அறிவுள்ள கருவிக்கும் ஒரு குறை உண்டு. 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்' என்று நிலைமைக்கேற்பத் தீர்மானிக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஜாவா மொழிக்கென 2000-ஆம் ஆண்டில் தனியே வெளிவந்த 'ஆன்ட்' கருவியில் இக்குறை இன்னும் வெளிப்படையாயிற்று. மொழிபெயர்த்தல், படியெடுத்தல், கோப்புகளைச் சுருக்கிக் கட்டுதல் முதலிய பணிகளைத் தேர்ந்த வேலையாட்களைப் போல அது ஆயத்தமாக வைத்திருந்தது. ஆனால் அவர்களுக்குரிய ஆணைகளை எக்ஸ்.எம்.எல். என்னும் குறிப்பு வடிவில்தான் எழுதவேண்டும். பட்டியல் போடுவதற்கு அவ்வடிவம் நன்று. ஐம்பது கோப்புகளில் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டுமென்றால், எழுதுபவர் படும் பாடு சொல்லத் தரமன்று. ஆன்ட் கருவியை ஆக்கிய ஜேம்ஸ் டங்கன் டேவிட்சனே, உண்மையான ஸ்கிரிப்ட் மொழி ஒன்றைக் கொண்டு அதைச் செய்திருக்கலாம் என்று பின்னாளில் எழுதினார்.

இதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டியது, 2003-ஆம் ஆண்டில் தோன்றிய 'குரூவி' என்னும் மொழி. ஆன்ட் கருவியின் பணிகளைத் தன் சொந்தச் சொற்களைப் போலவே அழைக்க அது வகை செய்தது. எத்தனை கோப்பு, எந்தக் கணினி, எது முன், எது பின் என்று முடிவு செய்வது ஸ்கிரிப்ட். படியெடுப்பதும் மொழிபெயர்ப்பதும் ஆன்ட். வேலையாட்களை மாற்றவில்லை, மேற்பார்வையாளரை மட்டும் மாற்றினார்கள். இதற்கு எதிர்த்திசையிலும் சிலர் சென்றனர். க்னூ மேக் கருவியின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு 'கைல்' என்னும் மொழியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. எனக்கு முதல் வழியே தெளிவானதாகப் படுகிறது.

ஆயினும் அழைப்பது பாதி வேலை. பதிலைக் கேட்பது மறுபாதி. விழுப்புரம் சந்திப்பை எண்ணிப் பாருங்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைப் பாதைகள் அங்கே கூடுகின்றன. முன்னாலுள்ள பாதை காலியாக இருக்கிறது என்னும் உறுதி கிடைக்காமல் ஒரு வண்டியும் புறப்பட இசைவில்லை. ஸ்கிரிப்டிலும் அவ்வாறே இருத்தல் வேண்டும். வெளிக்கருவி ஒன்றை ஏவினால், வேலை முடிந்தபின் அது ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. சுழியம் என்றால் வெற்றி. வேறெந்த எண்ணாயினும் தோல்வி. அந்த எண்ணை வாங்கிப் பார்க்காவிட்டால், ஸ்கிரிப்ட் ஒன்றும் அறியாததுபோல் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். நாம் முன்னே கண்ட இரண்டு வரிகளின் இடர் முழுவதும் இதில்தான் இருக்கிறது. குரூவி வழியே ஆன்ட் பணியை அழைக்கும்போது இந்த அச்சம் குறைவு. பணி தோற்றால் அத்தோல்வி விதிவிலக்காக எழுந்து ஸ்கிரிப்டையே நிறுத்திவிடும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பணிகளைத் தனித்தனியே அழைக்கத் தொடங்கியதும், எதற்குப்பின் எது என்னும் வரிசைக்கு நீங்களே பொறுப்பாளர் ஆகிறீர்கள். கருவி அறிந்து வைத்திருந்த சார்புகளை ஸ்கிரிப்டில் மீண்டும் கையால் எழுத முற்படுவோர் பலர். அது செக்கு இருக்கும் வீட்டில் அம்மியில் எண்ணெய் எடுப்பது போன்றது. நேரத்தையும் சார்பையும் கருவியிடமே விட்டுவிட்டு, தீர்மானங்களை மட்டும் ஸ்கிரிப்டில் வைத்துக்கொள்வதே நல்ல பங்கீடு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் விழுப்புரத்திலும் இருக்கின்றன, திண்டிவனத்திலும் இருக்கின்றன. கல்லூரியாயினும் பள்ளியாயினும், அடுத்த முறை ஆய்வகத்தில் அமரும்போது ஒரு சோதனை செய்யுங்கள். சி++ நிரல் ஒன்றை எழுதிப் பைத்தான் வழியே ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு அந்நிரல் அச்சிடும் சொல்லை மாற்றிவிட்டு, வேண்டுமென்றே ஓர் அரைப்புள்ளியையும் நீக்கிவிடுங்கள். மீண்டும் ஓட்டினால் திரையில் வருவது எந்தச் சொல் என்று பாருங்கள். அதன்பின், முதல் ஆணை தரும் எண்ணை வாங்கி, அது சுழியமாக இருந்தால் மட்டுமே இரண்டாவது ஆணைக்குச் செல்லுமாறு ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.