காலப்பயணக் கதையின் இரண்டாம் பாகம்

காலப்பயணக் கதைக்கு இரண்டாம் பாகம் எடுப்பது மற்றக் கதைகளுக்கு எடுப்பதைவிடக் கடினம். போலீஸ் கதையில் வில்லன் செத்தால் அடுத்த பாகத்துக்குப் புது வில்லன் வந்துவிடுவான். காலப்பயணக் கதையிலோ முதல் பாகமே நேற்றையும் நாளையையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. தாராபுரத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சட்டெனப் புரியும். நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் சேதம் அந்த இடத்தோடு நிற்பதில்லை. ஊசியை மாற்றும்வரை துணி நெடுகக் கோடு விழும். காலப்பயணக் கதையில் ஒரு விதி உடைந்தாலும் அப்படித்தான்.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் மிச்சத்திலிருந்து முளைக்க வேண்டும். இதைச் செய்து காட்டிய படம் ஜேம்ஸ் கேமரூனின் 'டெர்மினேட்டர் 2'. முதல் படம் 1984, இரண்டாவது 1991. முதல் படத்தில் எதிர்காலத்திலிருந்து வந்த கொலை இயந்திரம், தொழிற்சாலை அழுத்தியில் நசுங்கிப் போகிறது. கதை அங்கே முடிந்ததாகவே தோன்றும். ஆனால் நசுங்கியதில் ஒரு கையும் ஒரு சில்லும் எஞ்சுகின்றன. அவற்றை வைத்து ஆராய்ச்சி செய்துதான் அந்த எதிர்கால இயந்திரங்களே பிறக்கப்போகின்றன என்று இரண்டாம் பாகம் சொல்கிறது. முதல் பாகத்தின் மிச்சம் இரண்டாம் பாகத்தின் விதையாகிறது. கொல்ல வந்த அதே உருவத்தை, அதே அர்னால்டு ஸ்வார்ஸ்நெகரை, காக்க வந்தவராக மாற்றியதும் புத்திசாலித்தனமே. ஆனாலும் அந்தக் கையும் சில்லும் அதைவிடப் பெரிய யோசனை.

இந்தப் படம் என்றாலே எல்லோரும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸைப் பேசுகிறார்கள். ராபர்ட் பேட்ரிக் நடித்த, யார் உருவத்தையும் எடுக்கும் உருகும் உலோக மனிதனுக்குக் கிராபிக்ஸ் பயன்பட்டது சுமார் 5 நிமிடம்தான். வியக்க வேண்டியது வேறொன்று: இரட்டையர்கள். மனநல மருத்துவமனையில் காவலாளி ஒருவர் காபி எடுத்துக்கொண்டு திரும்புகிறார். அவருடைய உருவமே அவர் எதிரில் நிற்கிறது. அந்த இருவரும் டான், டேன் ஸ்டான்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள். உருக்காலையில் நாயகி சாரா கானர் இருவராகத் தெரியும் காட்சியில், அவராக நடித்த லிண்டா ஹாமில்டனோடு நிற்பவர் அவருடைய இரட்டைச் சகோதரி லெஸ்லி. இரண்டு மனிதர்கள், ஒரே சட்டகம், ஒரே வெளிச்சம். 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் காட்சிகள் பழசாகவில்லை. இன்று எதற்கும் கணினியை நாடும் அவசரத்தில், இரட்டையரைத் தேடிப் பிடிக்கும் அந்தப் பொறுமைதான் காணாமல் போயிருக்கிறது.

குறையும் உண்டு. உயிருள்ள தசை போர்த்திய எதுவும் காலம் கடக்கலாம், வெறும் உலோகம் கடக்காது என்று முதல் படம் சொன்னது. இரண்டாம் படத்தின் வில்லனோ முழுக்க உலோகம். அங்கே ஊசி உடைந்திருக்கிறது. வேகத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

தமிழில் காலத்தோடு விளையாடிய '24' 2016-லும், 'மாநாடு' 2021-லும், 'மார்க் ஆண்டனி' 2023-லும் வந்தன. முதலாவதில் கைக்கடிகாரம், இரண்டாவதில் திரும்பத் திரும்ப வரும் ஒரே நாள், மூன்றாவதில் தொலைபேசி. மூன்றும் ஓடின. ஆனால் விதியை ஒழுங்காகக் கட்டியதில் இவற்றுக்கு முன்பே, 2015 ஜூனில் வந்த 'இன்று நேற்று நாளை' ஒரு படி மேல். அதை இயக்கிய ஆர். ரவிக்குமார் திருப்பூர்க்காரர்.

அதில் 2065-ஆம் ஆண்டு விஞ்ஞானி அனுப்பிய இயந்திரம் 2015-இல் இரண்டு நண்பர்கள் கையில் சிக்குகிறது. காணாமல் போன பொருள்களைக் கண்டுபிடித்துத் தரும் ஜோதிடம் என்று அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறார்கள். இந்தச் சின்ன ஆசைதான் படத்தின் அழகு. உலகத்தைக் காப்பாற்றும் வேலையெல்லாம் அவர்களுக்கு இல்லை. பிறகு, போலீஸ் என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய குழந்தைவேலு என்ற ரவுடி, இவர்கள் பின்னோக்கிப் போய் வந்ததில் பிழைத்துவிடுகிறான். ஓர் ஊசி உடைகிறது. துணி நெடுகக் கோடு விழுகிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்த ஒரு பிசகின் விளைவே.

இதற்கும் இரண்டாம் பாகம் வரும் என்று அறிவிப்பு வெளியானது. பெரிய வில்லனோ பெரிய இயந்திரமோ அதற்குத் தேவையில்லை. 2015-க்கும் 2065-க்கும் நடுவே 50 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இயந்திரத்தை ஒருவர் ஏன் செய்ய நினைத்தார், அந்த நினைப்பு எங்கே தொடங்கியது என்று தேடினால், முதல் பாகத்தின் மிச்சத்திலிருந்தே கதை கிடைத்துவிடும்.