கைப்பேசியின் இருட்டிலிருந்து விடுதலை

(வானொலியில் ஒலிபரப்பான தவக்கால அருளுரை)

 

ஒவ்வொரு தவக்காலத்திலும் நாம் குடியைப் பற்றிப் பேசுகிறோம், புகையிலையைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. குடித்தவரின் வாயில் வாடை வரும், நடை தள்ளாடும், ஊருக்கே தெரிந்துவிடும். இந்தப் பழக்கத்துக்கு வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை. எல்லாரும் தூங்கிய பின் போர்வைக்குள், கைப்பேசியின் வெளிச்சத்தில் நடப்பது இது. ஆபாசப் படங்களைப் பார்க்கும் பழக்கத்தைத்தான் சொல்கிறோம். அதிலும், விட்டுவிட வேண்டும் என்று நினைத்தும் விட முடியாமல் தவிக்கிறவர்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறோம்.

"கோயிலில் பேசுகிற பேச்சா இது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 அக்டோபரில் உரோமையில் படிக்கும் குருக்களிடமும் குருமாணவர்களிடமும் இதைப் பற்றி மறைக்காமல் பேசினார். பொதுநிலையினர் மட்டுமல்ல, குருக்களும் துறவியரும்கூட இந்தத் தீமையில் விழுகிறார்கள் என்றார். அவரே அப்படிப் பேசியிருக்க, நாம் மூடி மறைப்பதில் பொருளில்லை. இது இளைஞர்களுக்கு மட்டும் வரும் சோதனையும் அல்ல. திருமணமானவர்கள், பெண்கள், பிழைப்புக்காகச் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் தனியறையில் காலம் தள்ளும் நம் ஊர் ஆண்கள் என யாருக்கும் வரலாம்.

மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், தகாத ஆசையோடு நோக்கும் பார்வையிலேயே விபசாரம் தொடங்கிவிடுகிறது என்று ஆண்டவர் எச்சரிக்கிறார். கண்ணில் படுவது வேறு, ஆசையோடு நோக்குவது வேறு. தெருவில் எதிரே வருவது கண்ணில் படும்; அது பாவமன்று. தேடிப் போய்ப் பார்ப்பதும், ஒரு மனிதப்பிறவியை நம் இச்சைக்குரிய பொருளாக்கிக்கொள்வதும்தான் ஆண்டவர் கண்டிக்கும் பார்வை. உடலும் பாலுறவும் கடவுள் தந்த கொடைகள். 2024 ஜனவரியில் காம இச்சையைப் பற்றிப் போதித்த திருத்தந்தை இதையே சொன்னார்: பாலின்பம் கடவுளின் கொடை, ஆபாசம் அந்தக் கொடையைக் குலைக்கிறது. பரிசு உயர்ந்தது என்பதால்தான் அதைக் குப்பையில் போடாதே என்கிறது திருச்சபை.

இந்தப் பழக்கம் எப்படித் தொடங்குகிறது? சாமுவேல் இரண்டாம் நூல் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அரசர்கள் போருக்குப் போகும் காலம் அது. தாவீதின் படை களத்தில் இருக்கிறது, தாவீது மட்டும் அரண்மனையில் தங்கிவிட்டார். மாலை வேளையில் படுக்கையிலிருந்து எழுந்து மாடியில் உலாவுகிறார். அங்கிருந்துதான் பத்சேபாவைக் காண்கிறார். பார்த்தார், விசாரித்தார், அழைத்துவரச் செய்தார். பின்பு அதை மறைக்க உரியாவைக் கொல்லவும் துணிந்தார். இச்சைக்கு முன்னே வந்தவை எவை? செய்ய வேண்டிய வேலையை விட்டு ஒதுங்கியது, ஓய்ந்து கிடந்தது, தனிமை. இன்றைக்கும் கதை மாறவில்லை. பசி, கோபம், தனிமை, களைப்பு, சலிப்பு இவற்றில் ஏதோ ஒன்று முதலில் வருகிறது. அந்த வேதனைக்கு மருந்தாகக் கை கைப்பேசியைத் தேடுகிறது. சிறிது நேரம் எல்லாம் மறந்துபோகிறது. முடிந்ததும் வெட்கம் வருகிறது, தன்மேலேயே வெறுப்பு வருகிறது. அந்த வெறுப்பே புதிய வேதனையாகி, மறுபடியும் அதே மருந்தைத் தேட வைக்கிறது. செக்குமாடு சுற்றுவதுபோல இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெட்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் செக்கு நிற்காது, வேகமாகச் சுற்றும்.

திரும்பத் திரும்பச் செய்யும் செயல் பழக்கமாகிறது, எதிர்க்காத பழக்கம் கட்டாயமாகிறது என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் புனித அகுஸ்தீனார். தூய்மையை வேண்டிக்கொண்டே, அது உடனே வந்துவிடக் கூடாது என்றும் விரும்பிய காலம் அவருக்கு உண்டு. 386ஆம் ஆண்டு மிலான் நகரில் மனம் திரும்பிய பிறகே அவருக்கு விடுதலை கிடைத்தது. அதற்கு முன்னே தாய் மோனிக்காவின் ஆண்டுக்கணக்கான கண்ணீரும், ஆயர் அம்புரோசின் போதனையும், உடனிருந்த நண்பர்களும் இருந்தார்கள். தனியாக யாரும் மீள்வதில்லை.

மருத்துவ உலகமும் இதைக் கவனித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை அதில் ஒரு மனநலக் குறைபாடாக இடம்பெற்றுள்ளது. ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்வது, விட முயன்றும் முடியாமல் போவது, படிப்பும் வேலையும் குடும்பமும் உடல்நலமும் கெடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். அந்தப் பட்டியல் ஓர் எச்சரிக்கையும் தருகிறது: அறநெறிப்படி தவறு செய்துவிட்டோமே என்ற மனவேதனை மட்டுமே இருந்தால், அதை வைத்து இது நோய் என்று முடிவு செய்யக் கூடாது. ஆகவே ஒருமுறை இருமுறை தவறிய இளைஞர் "நான் நோயாளி" என்று நடுங்க வேண்டாம். அவருக்குத் தேவை மனமாற்றமும் நல்ல வழிகாட்டுதலும். ஆண்டுக்கணக்கில் சிக்கித் தவிப்பவரோ "இன்னும் நன்றாகச் செபித்தால் போதும்" என்று மருத்துவரைத் தவிர்க்க வேண்டாம். பழக்கமும் மனக்கலக்கமும் ஒருவரின் குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதை நம் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஏற்கிறது. பாவத்தைப் பாவம் என்கிறோம். ஆனால் விழுந்து கிடப்பவரைக் கல்லால் அடிக்க நமக்கு அனுமதி இல்லை.

நம் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கை நினைவுகூர்வோம். சிறுவர்களைக் காட்டும் ஆபாசப் படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்ததாகச் சென்னை இளைஞர் ஒருவர்மீது வழக்குப் பதிவானது. 2024 ஜனவரி 11 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. இளைய தலைமுறை இந்தப் பழக்கத்தோடு போராடுகிறது, சமூகம் அவர்களுக்கு ஆலோசனையும் கல்வியும் தர வேண்டும் என்று நீதிபதி வருந்திச் சொன்னார். ஆனால் 2024 செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இத்தகைய படங்களை வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தின்கீழ் குற்றமாகும் என்றது. இவற்றைச் 'சிறுவர் ஆபாசம்' என்று அழைக்கவே கூடாது, குழந்தைகள்மீது நடந்த வன்கொடுமையின் பதிவு என்றே சொல்ல வேண்டும் என்றும் பணித்தது. பழக்கத்தில் சிக்கியவருக்கு ஆலோசனை வேண்டும் என்பது உண்மை. படத்துக்குப் பின்னால் ஒரு குழந்தையின் அழுகை இருக்கிறது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கலாகாது.

வளர்ந்தவர்களின் படங்களிலும் இதை மறந்துவிட வேண்டாம். 2019இல் வெளிவந்த பொள்ளாச்சிக் கொடுமையில் பெண்களைப் படமெடுத்து மிரட்டினார்கள். 2025 மே 13 அன்று கோவை நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. திரையில் ஓடும் படத்தில் இருப்பவர் விரும்பி வந்தாரா, மிரட்டி இழுத்துவரப்பட்டாரா என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. அவரும் கடவுளின் சாயல், யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை.

சரி, விடுதலைக்கு வழி என்ன? நம் புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை எல்லாரும் அறிவோம். மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு முன்னிலும் அடர்ந்து துளிர்க்கும். வேரைத் தோண்ட வேண்டும். தோண்டிய இடத்தில் வேறு மரம் வைக்க வேண்டும். மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவரும் இதையே ஓர் உவமையாகச் சொல்கிறார். தீய ஆவி வெளியேறிய வீடு பெருக்கி அழகுபடுத்தப்பட்டிருந்தும் வெறுமையாகக் கிடந்ததால், அந்த ஆவி இன்னும் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. வெளியேற்றினால் மட்டும் போதாது, வீட்டை நிரப்பவும் வேண்டும்.

முதலாவது, இருட்டில் இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். அங்கே சொன்னது எங்கள் உயிரே போனாலும் வெளியே போகாது. அதோடு நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் சொல்லுங்கள். சொல்லிவிட்ட இரகசியத்துக்குப் பாதி பலம் போய்விடும்.

இரண்டாவது, கைப்பேசிக்கு இடமும் நேரமும் வகுத்து வையுங்கள். இரவில் அது கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், படுக்கைக்கு வர வேண்டாம். 10 ரூபாய்க் கடிகாரமாக இருந்தாலும் எழுப்புவதற்கு அது போதும்.

மூன்றாவது, எந்த நேரத்தில், எந்த மனநிலையில் விழுகிறோம் என்று கவனித்து எழுதி வையுங்கள். உந்துதல் வரும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எழுந்து முகம் கழுவுங்கள், வாசலுக்கு வாருங்கள், யாரிடமாவது பேசுங்கள். எந்த உந்துதலும் உச்சிக்குப் போனால் இறங்கியே தீரும். நாம் காத்திருந்தால் போதும்.

நான்காவது, உதவி கேளுங்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சைகள் இருக்கின்றன. உள்ளே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கும் மருந்து உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் கைப்பேசி, இணையப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலிமனஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

ஐந்தாவது, வீட்டை நிரப்புங்கள். நேரத்துக்குத் தூக்கம், உடல் வியர்க்கும் உழைப்பு, விளையாட்டு, நண்பர்கள், குடும்ப செபம். முழந்தாளிட்டு ஒரு பத்து மணி செபமாலை சொன்னாலும் போதும், நாள் தவறாமல் சொல்லுங்கள்.

விழுந்துவிட்டால்? 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, விழாமல் பழகியவர் உண்டா? முழங்கால் சிராய்த்தவர்கள், அதற்கு முன் ஓட்டிய தூரத்தை மறந்துவிடவில்லை. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள், மறுபடியும் ஏறினார்கள். 40 நாள் தவிர்த்து 41ஆம் நாள் விழுந்தவருக்கு அந்த 40 நாளும் வீண் அல்ல. "எல்லாம் போச்சு" என்று கிடப்பதுதான் விழுந்ததைவிட ஆபத்து. அன்றைக்கே எழுந்து வாருங்கள்.

கணவரின் இந்தப் பழக்கத்தைக் கண்டுபிடித்து மனமுடைந்த சகோதரிகளே, இது உங்கள் அழகுக் குறைவால் வந்ததன்று, உங்கள் குற்றமும் அன்று. உங்கள் வேதனை நியாயமானது. உடனே மன்னித்துவிட வேண்டும் என்று உங்களை யாரும் நெருக்க வேண்டாம். உண்மையைப் பேசும்படியும் உதவி தேடும்படியும் அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பெற்றோரே, பிள்ளையின் கைப்பேசியில் ஏதாவது கண்டால் அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். "உனக்கு இது எப்படி வந்தது, யாராவது அனுப்பினார்களா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யாரேனும் மிரட்டுவதாகத் தெரிந்தால் 1098க்கு அழையுங்கள். உடலைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராவிட்டால், கைப்பேசி சொல்லித் தரும். அது பொய்யைத்தான் சொல்லித் தரும்.

செபிப்போம். அன்புத் தந்தையே, பாவத்தில் விழுந்த தாவீதிடம் நாத்தானை அனுப்பினீர். கல்லெறிய வந்தவர்களிடமிருந்து ஒரு பெண்ணை உம் திருமகன் காத்தார். இருட்டில் தனியே தவிக்கும் எங்கள் பிள்ளைகளிடம் நல்ல நண்பரையும் நல்ல மருத்துவரையும் நல்ல குருவையும் அனுப்பியருளும். எங்கள் கண்களைத் தூய்மையாக்கும், எங்கள் வீடுகளை உம் ஆவியால் நிரப்பும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.