வீடு பிரிந்த விண்மீன்கள்

நட்சத்திர மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளி முற்றும் இருளன்று. சுமார் 32 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கோமா மண்டலத் தொகுதியின் இடைவெளியிலும் மங்கிய ஒளி படர்ந்திருப்பதை 1951-ல் பிரிட்ஸ் ஸ்விக்கி அறிவித்தார். மண்டலங்கள் நெருங்குங்கால் ஈர்ப்பினால் பறிக்கப்பட்டுத் தனித்துத் திரியும் நட்சத்திரங்களின் ஒளியே அது. அதன் பெரும்பகுதி, நிலவற்ற இரவு வானின் பொலிவில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. ஆதலின் வானொளியைக் கணித்துக் கழித்த பின்னரே நாம் அதனை அளக்க இயலும். சற்று மிகுதியாகக் கழிப்பின், தேடிய பொருளே மறைந்துவிடும்!

இத்துணை அரும்பாடு எதற்கு? ஆறு தொகுதிகளில் இவ்வொளி, கட்புலனாகாக் கரும்பொருளின் பரவலை ஒத்திருப்பதை ஹபிள் தொலைநோக்கிப் படங்களைக்கொண்டு 2018-ல் ஆய்வாளர் இருவர் காட்டினர். எந்த ஒரு மண்டலத்துக்கும் உரியனவல்லாத இந்நட்சத்திரங்கள் தொகுதி முழுமைக்கும் உரியன. அம்முழுமையின் வடிவை நமக்கு உணர்த்துவனவும் அவையே.