தரையில் நடக்கும் இருவாச்சி

இருவாச்சி என்றதும் ஆனைமலை, வால்பாறைக் காடுகளின் உயர்ந்த கிளைகளில் அத்திப்பழம் தேடித் திரியும் பறவையே தமிழ் நேயர்களின் நினைவுக்கு வரும். அதன் உறவுப் பறவைகளாக இருந்தும், பகற்பொழுதின் பெரும்பகுதியைத் தரையில் நடந்தே கழித்து, பழத்தைவிட ஊனையே உணவாகக் கொண்ட இருவாச்சிகள் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் உண்டு. தரை இருவாச்சிகள் எனப்படும் இவற்றில் இரண்டே இனங்கள் உள்ளன. பறவையியலாளர் பலர் இவ்விரண்டையும் தனிக் குடும்பமாகவே வகைப்படுத்துகின்றனர். செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட புதர்நிலத்தில் வாழ்வது வட இனம். கென்யாவின் தென்பகுதியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதி வரை பரவியிருப்பது தென் இனம். இவ்வுரை பெரிதும் தென் இனத்தைப் பற்றியது.

இருவாச்சி வகைகளிலேயே உடல் எடை மிக்கது இதுவே. வான்கோழியளவு பருத்த உடலும், ஒரு மீட்டரை ஒட்டிய நீளமும் கொண்ட இப்பறவையின் ஆண் ஆறு கிலோ வரை எடையிருக்கும். பெண் சற்றுச் சிறியது. நிற்கும்போது முழுக் கறுப்பாகத் தெரியும் இது, எழுந்து பறக்கும்போதுதான் சிறகின் ஓரத்தில் உள்ள முதன்மை இறகுகளின் தூய வெண்மையைக் காட்டுகிறது. கண்ணைச் சுற்றியும் தொண்டையிலும் இறகில்லாத தோல் சிவந்து தொங்குகிறது. பெண்ணின் தொண்டைச் சிவப்பில் மட்டும் ஊதா கலந்த நீலத்திட்டு ஒன்று இருப்பதால், தொலைவிலிருந்தே ஆண், பெண் வேறுபாட்டை அறிந்துகொள்ளலாம். இளம் பறவைக்கு இத்தோல் மங்கிய மஞ்சளாக இருந்து, சில ஆண்டுகள் கழித்தே சிவப்பேறுகிறது. இருவாச்சிகளின் மேலலகில் அமைந்த கொம்பு போன்ற புடைப்பு இதற்கு ஒரு சிறு மேடாகவே நின்றுவிட, வட இனத்திற்கோ அது உயர்ந்து முன்பக்கம் திறந்த குழல் வடிவில் காணப்படுகிறது. அவ்வினத்தின் முகத்தோலும் நீலநிறமானது.

முகத்தை அருகிலிருந்து பார்த்தால் வியப்பூட்டுவது அதன் கண்ணிமை மயிர். அடர்ந்து நீண்டு வளைந்திருக்கும் அவை உண்மையில் மயிரல்ல, உருமாறிய இறகுகளே. தூசியும் கூசும் வெயிலும் மிகுந்த வெளியில், தலை குனிந்தபடி இரை தேடும் பறவைக்கு அவை கண்காப்பாக அமைகின்றன. காலும் அவ்வாறே தரை வாழ்வுக்கு ஏற்றது. கணுக்கால் நீண்டு, விரல்கள் குறுகித் தடித்திருப்பதால், விரல்களின் நுனியை ஊன்றி அது நடக்கிறது. நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்து, வெட்டுக்கிளி, நத்தை, தவளை, ஆமை, முயல், நச்சுப்பாம்பு எனக் கிடைப்பதையெல்லாம் அலகால் கொத்தியும், வறட்சிக் காலத்தில் இறுகிய மண்ணைத் தோண்டியும் உண்கிறது. நாக்கு குட்டையாதலால், பிடித்த இரையை அலகு நுனியிலிருந்து தொண்டைக்குள் எறிந்து விழுங்குகிறது.

வாழிடத்தைப் பொறுத்தவரை இப்பறவைக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு தேவைகள் உள்ளன. பார்வை மறையாமல் நடந்து வேட்டையாடக் குட்டையான புல் வேண்டும். ஆகவே விலங்குகள் மேய்ந்த வெளிகளையும் தீ எரித்துச் சென்ற நிலத்தையும் அது நாடுகிறது. இரவில் தங்கவும் முட்டையிடவும் அகன்ற பொந்துள்ள முதிர்ந்த பெருமரங்களும் வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது மரங்கள் ஆங்காங்கே நிற்கும் புல்வெளியாகிய சவன்னாவில்தான். பாறை முகட்டுக் குழிகளிலும் சில சமயம் கூடமைப்பதுண்டு என்றாலும், மரப்பொந்தே முதன்மையானது. மற்ற இருவாச்சிகளின் பெண் பொந்தின் வாயைப் பூசி உள்ளே அடைபட்டிருக்க, தரை இருவாச்சி அவ்வாறு பூசுவதில்லை. காய்ந்த இலைகளை உள்ளே பரப்பி முட்டையிடுகிறது.

இரண்டு முதல் ஒன்பது வரை சேர்ந்து வாழும் குழுவில் ஒரே ஓர் இணை மட்டும் முட்டையிட, மற்றவை இரை கொணர்ந்தும் எல்லை காத்தும் உதவுகின்றன. வைகறையில் அக்குழு ஒன்றுகூடி எழுப்பும் ஆழ்ந்த முழக்கம் மூன்று கிலோமீட்டர் தொலைவுக்கும் கேட்கும். அதைச் சிங்கத்தின் குரல் என்று மயங்கியோரும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒரு குழுவின் எல்லை ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டர். ஆகவே பெரிய காப்பகம் ஒன்றிலும் சில குழுக்களே இடம் கொள்ளும் என்பது இதன் அருமைக்குக் காரணம். நச்சு வைத்த இறைச்சியும், பெருமரங்கள் வெட்டப்படுவதும், மழை வேண்டிச் செய்யும் சடங்குகளுக்காகக் கொல்லப்படுவதும் அதன் மேல் வந்த சுமைகள்.

பெண் வழக்கமாக இரண்டு முட்டையிட்டாலும், சில நாள் பிந்திப் பொரியும் இரண்டாம் குஞ்சுக்கு உணவு கிடைக்காமல் அது இறந்துவிடுகிறது. ஒரு குழு சராசரியாக ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு குஞ்சை மட்டுமே பறக்கும் பருவத்திற்குக் கொண்டுவருகிறது என்பது தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வுகளின் கணக்கு. இரண்டாம் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்து வளர்த்து வேறிடங்களில் விடும் பணியை, லிம்போப்போ மாநிலத்தில் இயங்கும் மபூலா திட்டத்தினர் செய்து வருகின்றனர். பொந்துள்ள மரங்கள் குறைந்த இடங்களில் பொருத்தப்பட்ட செயற்கைக் கூடுகளை இப்பறவைகள் ஏற்றுக்கொண்டு, அவற்றில் குஞ்சு பொரித்தும் வருகின்றன.