மும்முனை இணைப்பின் கணக்கு



அடுப்புக்கு மூன்று கற்களை வைக்கிறோமே, நான்கு ஏன் வைப்பதில்லை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நான்கு கற்களுள் ஒன்று சற்றே தாழ்ந்தாலும் பானை ஆடும். மூன்று கற்களின்மேல் ஏற்றிய பானையோ மேடுபள்ளமான தரையிலும் ஆடாது. ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை நிர்ணயிக்கும் என்று வடிவ கணிதத்தில் படிக்கிறீர்கள். அடுப்பு கற்பிப்பதும் அதுவே. டிராக்டரின் பின்புறம் கலப்பையைப் பூட்டும் மும்முனை இணைப்பும் இவ்வுண்மையையே ஆதாரமாகக் கொண்டது.

மாடு பூட்டிய ஏரை ஏர்க்கால் இழுத்தது போலவே, ஆதியில் டிராக்டரும் கலப்பையை வெறுமனே இழுத்துச் சென்றது. கொழு பாறையில் சிக்கினால் மாடு நின்றுவிடும். இயந்திரம் நிற்குமா? சக்கரம் முன்னோக்கி உந்த, முன்பக்கம் மேலெழும்பி, ஓட்டியவர்மீதே வண்டி மல்லாந்து விழுந்ததுண்டு. இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் அயர்லாந்தில் 1884-இல் பிறந்த ஹாரி பெர்குசன். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை என மூன்று இடங்களில் கலப்பையைப் பிணைத்து, 1926-இல் காப்புரிமை பெற்றார். உழும்போது கீழ்க்கைகள் கலப்பையை இழுக்கின்றன. மேற்கையோ டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. முன்பக்கம் எழும்பும் அபாயம் பெரிதும் குறைந்தது. மண்ணின் எதிர்ப்பே பின்சக்கரங்களுக்குப் பிடிப்பாக மாறியதால், எடை குறைந்த சிறு டிராக்டரும் நன்கு உழ முடிந்தது. அவர் மறைந்த 1960-ஆம் ஆண்டிலேதான், அவர் பெயரைத் தாங்கிய டிராக்டர்களைச் செய்வதற்கான ‘டாபே’ நிறுவனம் சென்னையில் தோன்றிற்று.

இவ்விணைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. அதன் அளவுகள் உலகுக்குப் பொதுவானவை. முதல் வகை இணைப்பில் கீழ்ப் பின்களின் தடிமன் 22 மில்லிமீட்டர். மேற்பின்னின் தடிமன் 19 மில்லிமீட்டர். கீழ்ப்புள்ளிகள் இரண்டுக்கும் இடையே 683 மில்லிமீட்டர். மிகச் சிறிய டிராக்டர்களுக்கென 400 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள குறுகிய வகையும் இருக்கிறது. இவ்வளவுகளை அறிந்த ஊர்ப் பட்டறைக்காரர் எவரும், யாருடைய அனுமதியையும் வேண்டாமல், தம் மண்ணுக்கேற்ற கருவியைத் தாமே படைத்துக்கொள்ளலாம்.

பழநி மலையில் இதற்குத் தேவை மிகுதி. பூம்பாறை, மன்னவனூர் பகுதிகளில் உருளைக்கிழங்கும் காரட்டும் பூண்டும் விளையும் நிலங்கள் சரிவில் படிப்படியாக வெட்டப்பட்டவை. சமவெளிக்கென்று செய்த அகலக் கலப்பை அங்கே திரும்ப இடமிராது. மலையடிவாரப் பட்டறை ஒன்றில், பழைய லாரியின் வில்பட்டைகளை வெட்டிக் கொழுக்களாக்கி, இரும்புச் சட்டத்தில் ஐந்தை மட்டும் பொருத்தியிருந்த கலப்பையைக் கண்டேன். கிழங்குக்குப் பார் அணைக்க இருபுறமும் சிறகு வைத்த கலப்பையும் அருகில் இருந்தது. மூன்றாவதாக இருந்தது காய்கறி மூட்டைகளைத் தூக்கிச் செல்லும் இரும்புப் பெட்டி. அதைக் கண்டதும் எனக்குக் கரும்பலகை நினைவு வந்தது. காரணத்தைக் கேளுங்கள்.

ஒரு சிறு டிராக்டரின் எடை 800 கிலோ என்று கொள்வோம். அதில் முன்சக்கரங்கள் தாங்குவது 320 கிலோ. முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். பெட்டியும் சுமையுமாக 300 கிலோவை, பின்அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தூக்குகிறோம். பின்அச்சே இங்கு நெம்புகோலின் ஆதாரப் புள்ளி. 300-ஐ ஒன்றால் பெருக்கி ஒன்றரையால் வகுத்தால் 200. முன்சக்கரங்கள் 200 கிலோவை இழந்துவிட்டன, எஞ்சியது 120. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 160 கிலோவாவது, முன்சக்கரங்களில் இருக்க வேண்டும் என்பது விதி. இல்லையேல் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இது சமதளத்துக் கணக்கு. மேட்டில் ஏறும்போது முன்பக்கம் மேலும் இலேசாகும். சுமையை 240 கிலோவாகக் குறைக்க வேண்டும். ஏற்றத்துக்கு அதனினும் குறைக்க வேண்டும். அல்லது முன்னால் எடைக்கட்டி பூட்ட வேண்டும். பற்றவைப்பு எத்துணை உறுதியாயிருப்பினும் இக்கணக்குப் பிழைத்தால் பயனில்லை.

வேறு சில விதிகளும் உண்டு. மேற்கையின் இடத்தில் கயிறோ சங்கிலியோ கட்டி மரத்தை இழுக்கலாகாது. அவ்வாறு இழுத்தால் பெர்குசன் விலக்கிய அபாயத்தை நாமே திரும்ப அழைத்தவராவோம். தூக்கி நிறுத்திய கருவியின் அடியில் புகுந்து ஆணி முடுக்கலாகாது; அதைத் தாங்குவது எண்ணெயின் அழுத்தமே, அது எக்கணமும் தளரக்கூடும். வரப்போரத்தை ஒட்டி ஓட்டலாகாது; சரிவில் விளிம்பு மண் சரிந்தால் வண்டி பக்கவாட்டில் உருண்டுவிடும்.

கைத்தொழிலையும் கல்வியையும் பிரித்தலாகாது என்னும் கொள்கையுடன், இம்மலைக்குத் தொலைவில்லாத காந்திகிராமம் 1947-இல் தோன்றியது. அக்கொள்கை இன்றும் தேவையே. இரும்பை வளைக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் பலர் இருக்கிறார்கள். நெம்புகோல் கணக்கை எழுதத் தெரிந்தவர்கள் வகுப்பறைகளில் இருக்கிறீர்கள். விடுமுறையில் ஒரு நாள் உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் செல்லுங்கள். அளவு நாடாவைக் கொண்டு செல்லுங்கள். அச்சுக்கும் சுமைக்கும் உள்ள தூரத்தை அளந்து, கணக்கிட்டுப் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். அவரிடமிருந்து நீங்கள் கற்பதும் பலவாக இருக்கும். பரீட்சையில் தவறிய கணக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும். மலைச்சரிவில் தவறிய கணக்கு ஒரு குடும்பத்தின் உழைப்பாளியையே கொண்டுபோய்விடும்.