பரணில் கிடக்கும் மடிக்கணினி
(வெள்ளிவிழாக் கல்வி அமர்வில் ஆற்றிய உரை)



2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழிலாளர் இல்லங்கள் பலவற்றுள் கணிப்பொறி முதன்முதலாகப் புகுந்தது. அவற்றுட் பல இன்று பரணில் கிடக்கின்றன. சில பழைய இரும்புக் கடைக்கே போய்விட்டன. வேகமில்லை, திரை பழங்காலத்தது என்பதே குற்றச்சாட்டு. தேர்வாணைய விண்ணப்பத்துக்கும் கல்வி உதவித்தொகைக்கும் பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்துக் காத்துநிற்கும் நமக்கு இவ்விழப்பு சிறிதன்று.

திரையை மட்டும் புதுப்பித்தால் போதாதா என இளைஞர் வினவுகின்றனர். போதாது. அக்கருவிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் தரப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் ஆக்கியது அது. லினக்சில் இயங்குதளம் வேறு; அதன்மேல் நாம் காணும் மேசைத்தளம் வேறு. ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டலாம். ஆயினும், பதனிடாத பச்சைத் தோலுக்குச் சாயம் ஏற்றுவாரை நம் ஊரில் கண்டதுண்டா? மேலே மின்னும், உள்ளே அழுகும். புதிய மேசைத்தளம் வேண்டும் துணை நிரல்கள் பழைய தளத்தில் இரா. வலிந்து ஏற்றினால் இரண்டும் கெடும். ஏறினாலும், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன தளத்தில் வங்கிக் கடவுச்சொல்லை இடுவது திறந்த வீட்டில் பணம் வைப்பதாகும். விண்டோஸ் 7க்கு அத்திருத்தங்கள் 2020 சனவரி 14ஆம் நாளோடு பொதுமக்களுக்கு நின்றன.

ஆகவே அடியிலிருந்து தொடங்குதல் வேண்டும். சான்றிதழ்களையும் படங்களையும் பென் டிரைவில் படியெடுத்தபின், இன்றைய டெபியனைப் புதிதாக நிறுவுக. பழைய பதிப்பிலிருந்து படிப்படியாக ஏறவும் வழியுண்டு; இடையில் ஒரு பதிப்பையும் தாண்டலாகாது. பத்தாண்டுப் பழமைக்கு அது வீண் உழைப்பென்பது எம் கருத்து.

பின்னரே மேசைத்தளம். 2011 ஏப்ரலில் க்னோம் மூன்றாம் பதிப்பாக உருமாறியபோது, பழைய முகத்தை விரும்பியோர் அதைக் கைவிடாது 'மாட்டே' எனத் தனியே வளர்த்தனர். இரண்டு ஜிபி நினைவகமே உள்ள கருவிக்கு எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி இன்னும் இலகுவானது. 32 பிட் எந்திரமாயின், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ நிறுவ இயலாது. முந்தைய 12ஐ நாடுக.

இது நம்மால் ஆகுமா என அஞ்சவேண்டா. எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், 2007ஆம் ஆண்டளவிலேயே தம் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்சுக்கு மாற்றிக் காட்டினார்.

பரணிலிருப்பதை இறக்கி, தூசு துடைத்து, சங்கக் கட்டடத்துக்குக் கொணருங்கள். பேட்டரி செத்திருப்பினும் கவலையில்லை. சார்ஜரை மட்டும் மறவாதீர்கள்.