நேற்று அரசு வழக்கறிஞர், இன்று நீதிபதி: நமக்கு நியாயம் கிடைக்குமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நேற்று வரைக்கும் போலீஸ் தரப்புக்காக வாதாடியவர் இன்று நீதிபதியாக உட்கார்ந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயம் கிடைக்குமா?" என்று பலரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நீதியரசர் எஸ். ரத்தினவேல் பாண்டியன் 1929-ல் திருநெல்வேலிச் சீமையில் திருப்புடைமருதூரில் பிறந்தவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசு குற்றவியல் வழக்கறிஞராக இருந்தார். 1974-ல் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1988-ல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று, 1994-ல் ஓய்வு பெற்றார். பிறகு ஐந்தாவது மத்திய ஊதியக் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஜிப்மரிலும் தபால் துறையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்.

அவர் 1990-ல் எழுதிய பஜன்லால் வழக்குத் தீர்ப்பை இன்றைக்கும் வழக்கறிஞர்கள் அன்றாடம் எடுத்துக் காட்டுகிறார்கள். பஜன்லால் அரியானாவின் முன்னாள் முதல்வர். அவர்மீது பதிவான எஃப்.ஐ.ஆரை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அது தவறு என்று சொல்லி, ரத்தினவேல் பாண்டியன் அமர்வு எஃப்.ஐ.ஆரை மீட்டது. ஆனால் விசாரித்த அதிகாரிக்கு முறையான அதிகாரம் தரப்படவில்லை என்பதால், அந்த விசாரணையை மட்டும் ரத்து செய்தது.

அதே தீர்ப்பில், எஃப்.ஐ.ஆரை நீதிமன்றம் ரத்து செய்யக்கூடிய ஏழு வகைச் சூழ்நிலைகளையும் அவர் வரிசைப்படுத்தினார். புகாரை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அதில் குற்றமே இல்லாதிருப்பது ஒன்று. சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளப் போட்ட வழக்கு என்பது இன்னொன்று.

இது நமக்கு எதற்கு? பார்க்கிங் இடம், மாடித் தண்ணீர்க் கசிவு, பராமரிப்புக் கட்டணம் என்று தொடங்கும் தகராறு காவல் நிலையம் வரை போவதைக் கேள்விப்படுகிறோம். பழிவாங்க யாரோ பொய்ப் புகார் கொடுத்தால், உங்கள் வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் முதலில் கையில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். அரசுக்காக வழக்கு நடத்தியவரே, அரசின் வழக்கு எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்று கோடு போட்டார்.

இதில் ஆச்சரியம் இல்லை. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் வேலை அல்ல. தன் தரப்புக்குப் பாதகமான சாட்சியத்தையும் மறைக்காமல் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். வழக்கில் சரக்கில்லை என்றால், நீதிமன்ற அனுமதியோடு அதைத் திரும்பப் பெறவும் சட்டம் இடம் தருகிறது. இதை ஒழுங்காகச் செய்தவருக்கு நீதிபதி நாற்காலி புதிதல்ல. செய்யாதவருக்கு எந்த நாற்காலியும் பொருந்தாது. அதோடு, தான் நடத்திய வழக்கையே பிறகு நீதிபதியாக இருந்து விசாரிக்கவும் கூடாது.

நம் புதுச்சேரிக்கு இது பழக்கமான கருத்துதான். பிரெஞ்சு முறையில் அரசுத் தரப்பில் பேசுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே நீதித்துறையைச் சேர்ந்தவர்கள். முன்னவரை 'நிற்கும் நீதித்துறை' என்றும், பின்னவரை 'அமர்ந்திருக்கும் நீதித்துறை' என்றும் சொல்வார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். 1962-ல் நாம் சென்னை உயர் நீதிமன்றத்தின் வரம்புக்குள் வந்த பிறகு, இங்கேயும் இந்திய முறை வந்தது.

இந்திய முறையில் வழி என்ன? காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் கவனியுங்கள். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரடியாக மாவட்ட நீதிபதியாக வழக்கறிஞருக்கு ஏழு ஆண்டு அனுபவம் தேவை. அரசியலமைப்பின் 233-வது பிரிவு இதைச் சொல்கிறது. சம்பளம் வாங்கும் அரசு வழக்கறிஞரின் அனுபவம் இதில் சேருமா என்று ஒரு சந்தேகம் இருந்தது. அரியானாவில் அப்படித் தேர்வானவர்களின் நியமனத்தையே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2013-ல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: நீதிமன்றத்தில் நின்று வழக்கு நடத்துபவர் வழக்கறிஞர்தான், அந்த ஆண்டுகளும் கணக்கில் சேரும் என்றது. உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பத்தாண்டு அனுபவம் வேண்டும். அங்கே தேர்வு கிடையாது.

ஆகவே, ஒரு நீதிபதி எங்கிருந்து வந்தார் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வந்த இடத்தில் எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். உங்கள் பிள்ளை அரசு வழக்கறிஞராகப் போகிறேன் என்றால் தயங்காமல் அனுப்புங்கள். "உன் தரப்புக்கு எதிரான காகிதத்தையும் கோப்பில் வை" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.